ஈயக்குட்டை மண்ணும் கீரைப் பாத்தியும்: வாசகர் கேள்வி பதில்

பழைய சுரங்க நிலத்தில் காய்கறி போடுகிறவர்கள் மண்ணை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது என்று சென்ற மாதம் இப்பகுதியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு, பேராக் மாநிலத்துப் பீடோர் வட்டாரத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரு பக்கம் ரப்பர், மறு பக்கம் செம்பனை, நடுவில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய ஈயக்குட்டைகள் என்று அமைந்த ஊர் இது. மண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் இங்கே எல்லாருக்கும் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பயிர்கள் மண்ணிலிருந்து நச்சு உலோகங்களை எடுப்பது பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருப்பது பழைய ஈயச் சுரங்கத்து மணல் நிலம். தோட்டத்து லயத்தை விட்டு இங்கே குடிவந்த பிறகு, பத்து ஆண்டுகளாக அதில் பயாம் கீரை, சாவிக் கீரை, வெண்டை, கத்தரி போட்டுச் சாப்பிடுகிறோம். மண்ணில் ஈயம் இருப்பதால் கீரையிலும் ஈயம் ஏறும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். உண்மைதானா? (இல்லத்தரசி, பீடோர்)

பதில்: அம்மா, அவர் அக்கறையோடுதான் எச்சரித்திருக்கிறார், ஆனால் அவர் அஞ்சும் ஈயம் வேறு, உங்கள் நிலத்தில் ஒரு காலத்தில் தோண்டிய ஈயம் வேறு. ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் தமிழில் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. ஒன்று வெள்ளீயம்: நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசிய ஈயமும் இதுதான். மற்றொன்று காரீயம்: தூண்டில் கயிற்றில் கட்டும் குண்டிலும் லாரி பேட்டரியின் தகடுகளிலும் இருப்பது, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. கிந்தா பள்ளத்தாக்கிலும் நம் பத்தாங் பாடாங் மாவட்டத்திலும், 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடப்படும்வரை, வாரி எடுத்தது வெள்ளீயத்தைத்தான். அது மண்ணில் கேசிட்டரைட் என்னும் கனத்த கரிய மணியாக இருந்தது. டூலாங் தட்டை நீரில் சுழற்றிச் சுழற்றி, வெள்ளை மணல் வழிந்தோட, அடியில் மிஞ்சும் கறுப்பு மணலைப் பெண்கள் சேகரித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அத்தனை அலசலுக்கும் கரையாத அந்த மணி, வேரின் ஓரத்தில் கசியும் மெல்லிய அமிலத்துக்கும் கரைவதில்லை. கரையாததை வேர் குடிக்க முடியாது.

இந்த இடத்தில் பதிலை நிறுத்திக்கொள்ள முடிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வெள்ளீயத் தாது தனியாக வருவதில்லை. அதனோடு சேர்ந்து வரும் கனிமங்களில் ஒன்று ஆர்செனோபைரைட். காற்றும் மழைநீரும் பட்டால் அது மெல்லச் சிதைந்து ஆர்செனிக்கை வெளியே விடுகிறது. நம் பழைய வைத்தியச் சுவடிகள் வெள்ளைப் பாஷாணம் என்று அழைக்கும் நஞ்சு ஆர்செனிக்கின் கூட்டுப்பொருள்தான். சுரங்க நிலத்தில் கவனிக்க வேண்டியது இதையே. அதிலும் நிலத்துக்கு நிலம் வேறுபாடு உண்டு. தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கரைத்து அலசியபோது பருமணல் ஓரிடத்தில் குவிந்தது, களிச்சேறு வேறிடத்தில் போய்த் தங்கியது. மணலில் எந்த உலோகமும் அதிகம் ஒட்டிக்கொள்வதில்லை, சத்தும் ஒட்டிக்கொள்வதில்லை; சேற்றிலோ இரண்டும் தங்கும். உங்கள் நிலம் கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழியும் மணலாக இருந்தால் கவலை குறைவு. குட்டையோரத்துச் சாம்பல் நிறக் களியாக இருந்தால் சோதனை அவசியம்.

காரீயம் உங்கள் பாத்தியில் இருக்கவே இருக்காது என்று சொல்லவில்லை. இருந்தால், அது சுரங்கத்திலிருந்து வந்ததாக இருப்பதைவிட, பழைய சுவர்ச் சாயம், உடைத்துப்போட்ட பேட்டரி, சாலைப் புழுதி ஆகியவற்றிலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரீயம் கலந்த பெட்ரோல் உலகத்தின் கடைசி நாடாகிய அல்ஜீரியாவில் நின்றதே 2021ஆம் ஆண்டில்தான். இங்கே அது நின்று நெடுங்காலம் ஆகிறது என்றாலும், சாலையோர மண்ணில் விழுந்தது அங்கேயே கிடக்கும். காரீயத்தின் குணம், மண்ணை இறுகப் பற்றிக்கொள்வது. வேர் வழியாக ஏறுவதைவிட, மழைத்துளி தெறித்து இலையின் அடிப்புறத்தில் ஒட்டும் மண்ணோடுதான் அது பெரும்பாலும் சட்டிக்கு வந்து சேர்கிறது. ஆகவே பயாமைக் கட்டோடு குழாயில் காட்டி எடுக்காமல், வேரை வெட்டி எறிந்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் மூழ்கவைத்து மூன்று தண்ணீர் அலசுங்கள். முதல் தண்ணீரைக் கொட்டும்போது அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிராது.

வெண்டை, புடல், பயற்றங்காய் போன்ற காய்களில் இலைக் கீரையைவிடவும் கிழங்கைவிடவும் உலோகம் பொதுவாகக் குறைவாகவே சேரும். சோதனை முடிவு வரும்வரை அவற்றை அதிகமாகவும் கீரையைக் குறைவாகவும் வைத்துக்கொள்வது போதும். செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டாம். மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். நிலத்தின் ஏழெட்டு இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்து, கலந்து, அதில் ஒரு கிலோ கொடுங்கள். மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று வழிகாட்டுவார்கள். மண்ணின் புளிப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் விளங்கும்.

கேள்வி: ஐயா, வேர் தனக்குத் தேவையான சத்தை மட்டுமே தேர்ந்தெடுத்து உறிஞ்சும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோம். அப்படியானால் நச்சு உலோகத்தை அது ஏன் எடுக்கிறது? செடிக்கு நல்லது கெட்டது தெரியாதா? (படிவம் 5 மாணவர், பீடோர்)

பதில்: தம்பி, இந்தக் கட்டில் இருந்த கடிதங்களிலேயே மிகவும் நுட்பமான கேள்வி உன்னுடையது. வேர் தேர்ந்தெடுக்கிறது என்பது சரி. ஆனால் அது முகம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, அளவும் மின்சுமையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. வேரின் தோலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் புரதத்தால் ஆன வாயில்கள் இருக்கின்றன. இரும்புக்கு ஒன்று, துத்தநாகத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று, பாஸ்பேட்டுக்கு ஒன்று என்று பல. தோட்டத்து வாசலில் நிற்கும் காவலாளி, சீருடையைப் பார்த்து உள்ளே விடுகிறவராக இருந்தால், அதே சீருடை அணிந்து வரும் திருடனையும் விட்டுவிடுவார் அல்லவா? காட்மியம் நுழைவது அப்படித்தான்.

உன் வேதியியல் நூலின் பின்னட்டைக்குள் இருக்கும் தனிம அட்டவணையை எடுத்துப் பார். துத்தநாகத்துக்கு நேர் கீழே காட்மியம் இருக்கும். பாஸ்பரசுக்கு நேர் கீழே ஆர்செனிக் இருக்கும். ஒரே நிரலில் இருப்பவை உடன்பிறந்தவர்கள் மாதிரி நடந்துகொள்ளும். நீரில் கரைந்த காட்மியத் துகள், துத்தநாகத்தைப் போலவே இரண்டு நேர்மின்சுமை கொண்டது. பருமனில் கால்சியத் துகளுக்கு ஏறக்குறைய சமமானது. ஆகவே கால்சியத்தின் வழியிலும் துத்தநாகத்தின் வழியிலும் அது புகும். இவற்றைவிட அகலமான வாசல் இரும்பினுடையது. ஐ.ஆர்.டி. 1 என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் அந்த வாயில், மண்ணில் இரும்பு கிடைக்காத காலத்தில்தான் மிகுதியாகத் திறக்கிறது. பசித்த வேர் வாயிலை அகலத் திறந்துவைக்கிறது. இரும்பு வராத வாயிலில் காட்மியம் வருகிறது. ஆர்செனிக், காற்றோட்டமுள்ள மண்ணில் ஆர்செனேட் என்ற வடிவில் பாஸ்பேட் வாயிலில் நுழைகிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆர்செனைட்டாக மாறி வேறொரு வாயிலில் நுழைகிறது. அதை நெல்லைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

ஆனால் வாசல்வரை வந்து சேர்வதற்கு உலோகம் மண்நீரில் கரைந்திருக்க வேண்டும். இங்கேதான் மண்ணின் புளிப்பு முக்கியமாகிறது. நம் நாட்டு மேட்டு நிலங்கள் இயல்பாகவே புளிப்பானவை. அமிலக் காரக் குறியீடு (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4க்கும் 5க்கும் இடையில் இருப்பது சாதாரணம். களிமண் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் காட்மியத்தை, புளிப்பு மண்ணில் மிகுந்திருக்கும் ஹைட்ரஜன் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. தள்ளப்பட்ட காட்மியம் நீருக்கு வருகிறது, வேருக்குக் கிடைக்கிறது. அதே அளவு காட்மியம் உள்ள இரண்டு வயல்களில், புளிப்பான வயலின் கீரையில் அது கூடுதலாக ஏறுவது இதனால்தான். மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்ற ஒரே எண்ணை வைத்து ஒரு நிலத்தைத் தீர்மானிப்பது, சம்பளச் சீட்டைப் பார்க்காமல் முதலாளியின் சொத்துக் கணக்கைப் பார்த்துத் தொழிலாளியின் வருமானத்தைச் சொல்வது போன்றது.

செடி கைகட்டி நிற்பதும் இல்லை. வேரின் நடுவில் நீர்க்குழாய்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஓர் உயிரணு வட்டம். அந்த உயிரணுக்களின் இடுக்குகளை மெழுகு போன்ற ஒரு பட்டை அடைத்திருக்கிறது. காஸ்பரிப் பட்டை என்று அதற்குப் பெயர். இடுக்கு வழியாகக் கசிந்து வரும் நீர் அங்கே தடுக்கப்பட்டு, உயிரணுவின் உள்ளே புகுந்துதான் மேலே போக வேண்டும். அங்கே மீண்டும் ஒரு வாயிற்சோதனை. வேர் நுனியில் இந்தப் பட்டை இன்னும் உருவாகியிருக்காது, பக்கவேர் முளைக்கும் இடத்தில் அது பிளந்திருக்கும். கள்ள வழிகள் அவை. உள்ளே வந்துவிட்ட காட்மியத்தைப் பிடிக்க, கந்தகம் நிறைந்த பைட்டோகெலாட்டின் என்னும் சிறு மூலக்கூறுகளைச் செடி தயாரிக்கிறது. அவை உலோகத்தைக் கவ்விக்கொண்டு, உயிரணுவின் நடுவிலுள்ள நீர்ப்பையில் போட்டு மூடிவிடும். வேரிலேயே இப்படி மூடிவைக்கும் திறன் ஓங்கிய பயிரில் இலைக்குப் போவது குறையும். புகையிலையில் அந்தத் திறன் போதாது, ஆகவே காட்மியம் இலைக்கு ஏறிவிடுகிறது. சுருட்டுப் பிடிக்கும் தாத்தாக்களின் உடம்பில் காட்மியம் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

நாளை ஒரு பயாம் செடியை மண் கலையாமல் பெயர்த்தெடுத்து, ஒரு குவளை நீரில் அரை மணி நேரம் நிறுத்தி வை. மண் கரைந்த பிறகு, சூரிய ஒளியில் பிடித்துப் பார்த்தால் வேர் நுனிக்குச் சற்று மேலே வெள்ளைப் பஞ்சு போல நுண்மயிர்கள் தெரியும். இதுவரை நான் சொன்ன வாயில்களில் பல அந்தப் பஞ்சில் இருக்கின்றன.

கேள்வி: என் தாயார் இளவயதில் ரப்பர் தோட்டத்தில் லாலாங் புல்லுக்கு ஆர்செனிக் மருந்து அடித்தவர். மருந்து அடித்த புல்லை மேய்ந்து மாடு செத்த கதையையும் சொல்லியிருக்கிறார். அந்தத் தோட்டத்தின் ஒரு துண்டு நிலம் இப்போது எங்கள் கைக்கு வந்திருக்கிறது. மரவள்ளி போடலாமா? இத்தனை ஆண்டில் நஞ்சு போயிருக்காதா? (ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி)

பதில்: ஐயா, உங்கள் தாயார் அடித்தது சோடியம் ஆர்செனைட்டாக இருக்க வேண்டும், மலாயாத் தோட்டங்களில் அது பரவலாகப் புழங்கிய களைக்கொல்லி. பின்னாளில் வந்த மருந்துகள் பல மண்ணில் நுண்ணுயிர்களால் சிதைந்து போகும். ஆர்செனிக் அப்படிச் சிதையாது, ஏனென்றால் அது தனிமம்; உடைவதற்கு அதற்குள் ஒன்றுமில்லை. ஓடையில் அடித்துக்கொண்டு போனது போக, மீதி அங்கேயே இருக்கும்.

ஆனால் உங்கள் பக்கம் ஒரு நல்ல சாட்சி உண்டு. நம் தோட்டத்துச் செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். இரும்புத் துரு ஆர்செனிக்கை இறுகப் பிடித்துவைக்கும். மண் உலர்வாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும்வரை அந்தப் பிடி தளராது. ஆகவே மேட்டில் மரவள்ளி போடலாம், சோதித்துவிட்டுப் போடுங்கள். தோலை நன்றாகத் தடித்து உரித்து, மண் படாமல் கழுவிச் சமையுங்கள். பள்ளத்தில் நீர் தேங்கும் மூலையில் கங்கோங் கீரையோ சேம்போ போடாதீர்கள். நீர் தேங்கினால் துரு கரைந்து, பிடித்துவைத்ததை விட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்மியத்துக்கும் காரீயத்துக்கும் மருந்தாகும் சுண்ணாம்பு, ஆர்செனிக்குக்கு மருந்தாகாது. புளிப்பு மிகவும் குறைந்துவிட்டால் ஆர்செனிக் தளர்ந்து நீருக்கு வரும். பாஸ்பேட் உரத்தை அள்ளிப் போட்டாலும் அது துருவில் ஆர்செனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளும். எந்த நஞ்சு என்று தெரியாமல் பொதுவாக ஒரு வைத்தியம் சொல்வோரின் பேச்சைக் கேட்காதீர்கள். இணையத்தில் சுற்றும் காணொளிகளில் பாதி இந்த வகைதான்.

கேள்வி: அரிசியில் ஆர்செனிக் இருக்கிறது என்று மகள் அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. தீட்டாத பழுப்பு அரிசிக்கு மாறிவிடலாமா? (வாசகி, பீடோர்)

பதில்: மாறினால் ஆர்செனிக் கூடும், அம்மா. அது தவிட்டில்தான் அதிகம் தங்குகிறது; தீட்டும்போது ஒரு பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. பழுப்பு அரிசியில் நார்ச்சத்து உண்டு என்பது வேறு கணக்கு. வாரத்தில் சில நாள் அதைச் சமைப்பதை நான் தடுக்கவில்லை.

நெல்லுக்கு இந்தச் சங்கடம் வந்ததற்கு இரண்டு காரணங்கள். வயலில் நீர் நிற்கிறது. ஆகவே முன்பு சொன்னபடி துரு கரைந்து ஆர்செனிக் வெளிவருகிறது. வெளிவந்த ஆர்செனைட், மண்ணிலுள்ள சிலிக்கா அமிலத்தைப் போலவே மின்சுமை இல்லாத சிறு மூலக்கூறு. நெல்லோ சிலிக்காவுக்குப் பேராசை கொண்ட பயிர். அரிவாள் பிடித்தவரின் கையைக் கீறும் வைக்கோலின் சுணை அந்தச் சிலிக்காதான். அதற்காக நெல் திறந்து வைத்திருக்கும் வாயிலில் ஆர்செனைட் தடையில்லாமல் போகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் காட்டினார்கள்.

நீரை வடித்து வயலைக் காயப்போட்டால் ஆர்செனிக் குறையும். ஆனால் அப்போது காட்மியம் கூடும். நீர் நின்ற மண்ணில் கந்தகத்தோடு கூடிக் கரையாமல் கிடந்த காட்மியம், காற்றுப் பட்டதும் கரையத் தொடங்குகிறது. நெல் விவசாயியின் தர்மசங்கடம் இதுதான். காட்மியம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாநிலம் சாட்சி. கமியோக்கா சுரங்கத்துக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்த ஆற்று நீர் பாய்ந்த வயலின் அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களின் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினாலும் முறிந்தது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற, வயதான பெண்கள். அவர்களின் முனகலே நோய்க்குப் பெயராயிற்று: இத்தாய் இத்தாய், அதாவது வலிக்கிறது வலிக்கிறது. காட்மியமே காரணம் என்று ஜப்பானிய அரசு 1968ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. வயல்களின் மண்ணைச் சீர்செய்யும் பணி முடியவோ 2012ஆம் ஆண்டு ஆயிற்று. அதே ஆண்டில், காட்மியம் நுழையும் மாங்கனீசு வாயிலை மாற்றி, தானியத்தில் காட்மியம் ஏறக்குறைய ஏறாத கோஷிஹிகாரி நெல்லை அந்நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கி அறிவித்தார்கள்.

அந்தக் கொடுமை நேர்ந்த வயலையும் கடையில் நீங்கள் வாங்கும் அரிசியையும் ஒன்றாக எண்ணி அஞ்ச வேண்டாம். தீட்டிய அரிசியில் ஒரு கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்செனிக் என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரக் குழு 2014ஆம் ஆண்டில் வகுத்த மேல்வரம்பு. அதற்குள் இருக்கும் ஆர்செனிக்கையும் குறைக்கும் வழி உங்கள் தாயாரின் அடுப்பில் இருந்தது. அரிசியை நன்றாகக் களைந்து, அரிசியைப் போல ஆறு மடங்கோ அதற்கு மேலோ தண்ணீர் வைத்து, வெந்ததும் கஞ்சியை வடித்துவிட்டால், ஆர்செனிக்கில் பாதி வரையில்கூட வடிநீரோடு போய்விடும். ரைஸ் குக்கரில் அளந்து ஊற்றிய நீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே சுண்டுவதால் ஒன்றும் வெளியேறுவதில்லை. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை இன்னொரு முறை யோசிக்க வேண்டும்! காட்மியம் இப்படி வடிந்து போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு ஒரு செய்தியை நீங்கள் திருப்பி அனுப்பலாம். இரும்புச் சத்துக் குறைந்த உடம்பின் குடல், பசித்த வேரைப் போலவே இரும்பு வாயிலை அகலத் திறக்கிறது. காட்மியமும் அதில் புகுகிறது. புகுந்தது சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள்வரை பாதி குறையாமல் தங்கும். சோகை உள்ள இளம்பெண்ணுக்கு, அரிசியை மாற்றுவதைவிடச் சோகையைத் தீர்ப்பது முதல் வேலை.

கேள்வி: செம்பனை எண்ணெயில் இந்த உலோகங்கள் வருமா? (செம்பனைச் சிறுதோட்டக்காரர், தாப்பா)

பதில்: உலோக உப்புகள் எண்ணெயில் கரைவதில்லை, குலையில் ஏறியது நாரிலும் சக்கையிலும் ஆலைக் கழிவுநீரிலும் தங்கிவிடும். அந்தக் கழிவை எருவாகக் காய்கறிக்குக் கொண்டுபோகிறவர்தான் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி: மண்ணில் இல்லாத நஞ்சை நாமே கொண்டுபோய்ப் போடுகிறோமா? அடுப்புச் சாம்பல், கோழி எரு, கல் பாஸ்பேட் மூன்றும்தான் நான் போடுகிறவை. (வாசகர், சுங்கை)

பதில்: போடுகிறோம், நானே போட்டிருக்கிறேன். வீட்டைப் பழுதுபார்த்தபோது கழற்றிய பழைய சன்னல் சட்டங்களையும், வேலிக்கு வாங்கி மிஞ்சிய இலேசான பச்சைநிறப் பலகைத் துண்டுகளையும் கொல்லையில் எரித்து, அந்தச் சாம்பலைப் பூசணிக் குழியில் கொட்டினேன். சாம்பலில் நீலமும் பச்சையுமாகச் சில பொரிகள் மின்னின. அழகாக இருக்கிறதே என்று மண்வெட்டியால் கிளறியும் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. கரையான் அரிக்காமலிருக்க அந்தப் பலகைகளில் ஏற்றுவது தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கரைசல். மரம் எரிந்தாலும் அவை பெரும்பாலும் சாம்பலில் மிஞ்சும். பழைய சாயத்தில் காரீயமும் இருந்திருக்கலாம். குழியை இரண்டு முழம் ஆழத்துக்குத் தோண்டி அந்த மண்ணை மூட்டை கட்டி அகற்றினேன். அன்று முதுகு பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. வெட்டிய ரப்பர்க் கட்டை, தென்னை மட்டை ஆகியவற்றின் சாம்பல் நல்ல எருதான், புளிப்பையும் குறைக்கும். சாயம் பூசியதும் மருந்தேற்றியதும் அடுப்பில் சேர வேண்டாம்.

கோழி எருவில், தீவனத்தில் சேர்க்கும் துத்தநாகமும் தாமிரமும் வரும். அளவோடு இருந்தால் செடிக்கு உணவு. கல் பாஸ்பேட்டின் கதை சற்று நீளம். படிவுப் பாறையிலிருந்து எடுக்கும் பாஸ்பேட்டில் இயற்கையாகவே காட்மியம் கலந்திருக்கும், எரிமலைப் பாறையிலிருந்து எடுப்பதில் மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு முதல் ஒரு கிலோகிராம் பாஸ்பரஸ் ஆக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஓராண்டு போடுவதால் ஒன்றும் ஆகாது. முப்பது ஆண்டுகள் ஒரே பாத்தியில் கைப்பிடி கைப்பிடியாக வீசியவரின் மண் வேறாகத்தான் இருக்கும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் மிஞ்சுகிறது என்று கீரைக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதிலுள்ள குளோரைடு, காட்மியத்தோடு சேர்ந்து அதை நீரில் கரைந்து நிற்கவைக்கும். வேண்டாம்.

காட்மியத்துக்கு எதிராகச் செய்யக்கூடியவை எளியவை: மட்கிய எரு, டோலமைட் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக, அமிலக் காரக் குறியீடு 6.5ஐ நெருங்கும்வரை. கத்தரி போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி வழி இருக்கிறது. சுண்டைக்காய்ச் செடியைத் தண்டளவில் வெட்டி அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டினால், காயில் ஏறும் காட்மியம் பாதிக்கும் கீழே இறங்குகிறது என்று ஜப்பானில் 2008ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். சுண்டையின் வேர் காட்மியத்தை மேலே அனுப்பத் தயங்குகிறது. வாடல் நோய்க்கு அஞ்சி இங்கே பலர் இந்த ஒட்டை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இது இலவச வரவு.

கேள்வி: நஞ்சை உறிஞ்சும் செடியை நட்டு மண்ணைச் சுத்தம் செய்துவிட முடியாதா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: முடியும் இடங்கள் உண்டு, அம்மா, பொறுமைதான் வேண்டும். உலோகத்தை விலக்காமல் விரும்பிச் சேமிக்கும் செடிகள் உலகில் சில நூறு உண்டு. பால்மரம் வெட்டியவர்கள் நம்ப மாட்டார்கள்: நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரத்தைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். அந்தப் பாலின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நிக்கல்! நம் நாட்டிலேயே, சபாவில் கினபாலு மலை வட்டாரத்து நிக்கல் மண்ணில், இலையில் நிக்கலைச் சேர்க்கும் ஒரு குறுமரம் இருக்கிறது. நம் கீழாநெல்லிக்கும் நெல்லிக்காய்க்கும் அது ஒரே பேரினத்து உறவு. அதை வெட்டி, எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் கீழாநெல்லியைக் கண்டு ஒதுங்க வேண்டாம். குணம் அந்தந்தச் சிற்றினத்துக்கு உரியது.

ஆர்செனிக்குக்கு உரியது ஒரு பெரணி. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்கு மருந்தேற்றும் பட்டறை ஒன்று இருந்த நஞ்சேறிய நிலத்தில், தழைத்து நின்ற ஒரு பெரணியின் இலையைச் சோதித்தபோது அதன் உலர் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல்கூட ஆர்செனிக் சேரும் என்று தெரிந்தது. வேறெந்தப் பயிரும் வாடும் அளவு அது. தெரிஸ் விட்டாட்டா என்று அதற்குப் பெயர். தேடி அலைய வேண்டியதில்லை. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரிலும் கால்வாய்க் கல்லிடுக்கிலும் ஏணிப் படிகள் போல இருபுறமும் நீண்ட இலைகளோடு தானாக முளைத்து நிற்கும். நாம் சமைத்துச் சாப்பிடும் பாக்கு கீரை வேறு பெரணி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பள்ளித் தோட்டத்தில் மாணவர்களைக் கொண்டு இந்தப் பெரணியை வளர்த்துக் காட்டலாம் என்பது உங்கள் எண்ணமாக இருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். ஒரு பாத்தி தெளிய ஆண்டுகள் பல ஆகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அறுத்த இலையை மட்கு எருக் குழியில் போடவும் கூடாது, எரிக்கவும் கூடாது, ஆட்டுக்குக் காட்டவும் கூடாது. எடுத்த ஆர்செனிக் அவ்வளவும் அந்த இலையில் இருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவாக ஒப்படைக்கும் வழியை சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகே முதல் நாற்றை நடுங்கள்.